கத்தரிச் செடியில் ஒரு கொம்புப் புழு



இன்றைய அறிவியல் பேச்சில் நாம் ஒரு புழுவைப் பற்றி அறிந்து கொள்ளப் போகிறோம். புழு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இது நாம் நாள்தோறும் காணும் சாதாரணப் புழு அன்று. முழு வளர்ச்சி அடைந்த நிலையில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களின் கட்டைவிரல் பருமன். மேனி பெரும்பாலும் எலுமிச்சம்பழ மஞ்சள். இரு விலாவிலும் பக்கத்துக்கு ஏழாக, ஒரே அளவில் சாய்த்துக் கோடு கிழித்தாற்போல் நீலமும் ஊதாவும் கலந்த கோடுகள். வால் முனையில் ஒரு கொம்பு. அந்தக் கொம்பு வழவழப்பாக இராது. பாகற்காயின் தோலைப் போல் சொரசொரப்பாக, கீழ்நோக்கி வளைந்து நுனியில் மட்டும் மீண்டும் மேலே சுருண்டிருக்கும்.

மூவார் வட்டாரத்தில் எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு கத்தரிப் பாத்தி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்தப் பாத்தியிலிருந்து இப்படிப்பட்ட புழு ஒன்றை யாராவது ஒரு மாணவன் கண்டுபிடித்துவிடுவான். உடனே பாத்தியைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். "விஷமா ஐயா?" என்பான் ஒருவன். "கொட்டுமா?" என்பாள் ஒருத்தி. "பாம்புக்குட்டி!" என்று அலறிக் கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. கடைசியாகத்தான், அதுவும் எல்லா ஆண்டும் அன்று, யாராவது ஒருவர், "இதற்குப் பேர் என்ன ஐயா?" என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை தானே வந்துவிடும். ஆகவே இன்று பெயரைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

நம் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெரியவர்கள் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். தோட்டம் தெரிந்தால் குடும்பம் தெரியும். குடும்பம் தெரிந்தால் ஆளைத் தெரிந்து கொள்வது எளிது. புழுவிடமும் நாம் இப்படித்தான் தொடங்க வேண்டும். புழுவுக்குத் தோட்டம் என்பது அது தின்னும் செடி. ஒரு புழுவைக் கண்டதும் அதன் நிறத்தை எழுதுவதற்கு முன், அது எந்தச் செடியின் இலையைத் தின்று கொண்டிருந்தது என்று எழுதிக் கொள்ளுங்கள். செடியை விட்டுப் புழுவை மட்டும் தீப்பெட்டியில் அடைத்துக் கொண்டு வருகிற மாணவன், முகவரி கிழிந்து போன கடிதத்தைக் கொண்டு வருகிறான்.

செடிக்கு ஏன் இவ்வளவு முதன்மை? தாவரங்கள் ஓடி ஒளிய முடியாதவை. தம்மைத் தின்ன வருவனவற்றைத் தடுப்பதற்காக அவை இலைகளில் கசப்பையும் காரத்தையும் நஞ்சையும் சேர்த்து வைத்துக் கொள்கின்றன. எல்லா நஞ்சையும் எல்லாப் புழுவாலும் செரிக்க இயலாது. ஒவ்வொரு வகைப் புழுவும் ஏதோ ஒரு சில செடிக் குடும்பங்களின் நஞ்சைத் தாங்கப் பழகியிருக்கிறது. தாய்ப் பூச்சிக்கு இது இயல்பாகவே தெரியும். பட்டாம்பூச்சி ஓர் இலையின் மேல் உட்கார்ந்து கால்களைப் படபடவென்று தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓய்வெடுக்கவில்லை, கால்களால் இலையைச் சுவைத்துப் பார்க்கிறது. சரியான இலை என்றால்தான் முட்டை இடும். அமெரிக்க அறிஞர்களான எர்லிக், ரேவன் என்னும் இருவர் 1964இல் பட்டாம்பூச்சிகளின் உணவுச் செடிகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்தார்கள். செடி புது நஞ்சைத் தேடுவதும், அதைப் புழு வெல்லப் பழகுவதுமாக இரண்டும் நெடுங்காலமாகவே ஒன்றையொன்று மாற்றி வந்திருக்கின்றன என்று அவர்கள் கண்டு கூறினார்கள்.

நம் வீட்டு வாசலிலேயே இதைப் பார்க்கலாம். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் விழுந்தது போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள். அது வால் பட்டாம்பூச்சிக் குடும்பத்தின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் இரு கிளைக் கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு நெடியைப் பரப்பி நம்மை விரட்டப் பார்க்கும். கோயில் ஓரத்து எருக்கஞ்செடியில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வளையங்களும் ஆறு கறுப்பு இழைகளும் உள்ள புழுவைக் கண்டால் அது எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்து வைத்துக் கொள்கிற வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை. பூசைக்கென்று வளர்க்கும் நந்தியாவட்டையிலும் அரளியிலும் பச்சை நிறப் புழு ஒன்று, தலையை உள்ளே இழுத்துக் கொண்டு, கழுத்துப் பக்கத்தில் இரண்டு நீலக் கண்களைக் காட்டி மிரட்டும். அவை மெய்யான கண்கள் அல்ல, வெறும் புள்ளிகளே. சேம்பிலும் காசித்தும்பையிலும் கரிய மேனியில் இரு வரிசையாகக் கண் புள்ளிகள் வைத்த இன்னொன்று உண்டு. அது நடக்கும்போது வால் கொம்பு முன்னும் பின்னுமாக ஆடும். மழைக்கால மாலையில் பார்த்தால் பெரியவர்களுக்கே சற்றுத் திக்கென்றிருக்கும்.

புழுவையும் செடியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதைச் செயலில் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஒரு பெண்மணி. மரியா சிபில்லா மேரியன் என்பது அவர் பெயர். 1647இல் செர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். அக்காலத்தில் புழுக்கள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமே தோன்றுகின்றன என்று நம்பியவர் பலர். இவரோ ஒவ்வொரு புழுவையும் அதற்குரிய செடியோடு வளர்த்து, முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும் அதே செடியின் படத்தில் வரைந்து 1679இல் நூலாக வெளியிட்டார். பிறகு 1699இல், 52ஆம் வயதில், மகளையும் அழைத்துக் கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குப் போனார். நம் நாட்டைப் போலவே வெயிலும் மழையும் காடும் நிறைந்த நாடு அது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த அந்நாட்டில் இரண்டாண்டுகள் புழுக்களைத் தேடி வரைந்தார். அங்கிருந்த தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பைத் தவிர வேறு செடியைப் பற்றி அக்கறை இல்லை என்று அவர் குறைபட்டுக் கொண்டார். மூன்று நூற்றாண்டுக்கு முந்திய இந்தக் குறையைத் தோட்டத்தில் வாழும் நாம் படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

இப்போது நம் கத்தரிச் செடிக்கு வருவோம்.

வால் முனையில் ஒற்றைக் கொம்பு இருந்தால், அது பெரும்பாலும் பருந்து அந்துப்பூச்சி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. வேகமாகப் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள் இக்குடும்பத்தினர். குடும்பம் தெரிந்துவிட்டது. கத்தரி இலை என்பதால் நம் கவனம் அக்கெரோந்தியா என்னும் இனத்தின் பக்கம் திரும்புகிறது. மலாயாத் தீபகற்பத்தில் இவ்வினத்தில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று அக்கெரோந்தியா லாக்கெசிஸ், மற்றது அக்கெரோந்தியா ஸ்டிக்ஸ். இவற்றின் உணவுச் செடிகளைக் கேளுங்கள்: கத்தரி, தக்காளி, புகையிலை, ஊமத்தை, எள், உண்ணிச்செடி, தேக்கு, நொச்சி, சாலையோரத்தில் செந்நிறப் பூக்களைக் கொட்டும் ஆப்பிரிக்கத் துலிப் மரம், சர்க்கரைவள்ளி, அவரை, முள்முருங்கை. ஒரு புழுவுக்கு இத்தனை விருந்தா என்று தோன்றும். ஆனால் உற்றுப் பார்த்தால் இங்கேயும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கத்தரியும் தக்காளியும் புகையிலையும் ஊமத்தையும் ஒரே குடும்பம். சர்க்கரைவள்ளி அக்குடும்பத்துக்கு அடுத்த வீடு. எள், உண்ணிச்செடி, தேக்கு, நொச்சி, துலிப் மரம் ஆகியவை ஒன்றுக்கொன்று பங்காளிகள். அவரையும் முள்முருங்கையும்தான் வேற்று ஊர்க்காரர்கள். பருந்து அந்துப்பூச்சிகளின் பட்டியலை நமக்கு நன்றாகத் தொகுத்துத் தந்தவர் பெல் என்னும் வன அதிகாரி. இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கார்வார் பகுதியில் நெடுங்காலம் இருந்து, புழுக்களை வளர்த்துப் பார்த்து, ஸ்காட் என்பவரோடு சேர்ந்து 1937இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

சர்க்கரைவள்ளியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மலாய் நண்பர்கள் கெலெடெக் என்று சொல்லும் இந்தக் கொடியில் அக்ரியஸ் என்னும் வேறொரு பருந்து அந்துப்பூச்சியின் புழுவும் வரும். உருவம், அளவு, சாய்வுக் கோடு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. அங்கே நாம் கொம்பைப் பார்க்க வேண்டும். அக்ரியஸின் கொம்பு வழவழப்பாக, அரிவாள் போல் ஒரே வளைவாக இருக்கும். நம் புழுவின் கொம்போ முன்பு சொன்னபடி பாகற்காய்ச் சொரசொரப்பு. நுனியில் மறு வளைவு. எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த படம் அறிவியல் மூலையில் தொங்குகிறது. ஒரு முறை வரைந்தவர்கள் பிறகு தடுமாறுவதில்லை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் கொம்புப் புழு மஞ்சளாகவும் வரும், பச்சையாகவும் வரும், மரப்பட்டை போன்ற பழுப்பாகவும் வரும். ஒரே செடியில் மஞ்சளும் பச்சையும் அடுத்தடுத்து இருக்கக் கூடும். பழுப்பு மேனிப் புழுவில் அந்த அழகிய சாய்வுக் கோடுகள் தெளிவாகத் தெரியா. ஆகவே வண்ணம் பார்த்துப் பெயர் சொல்லுகிறவர்கள் ஒரு பூச்சிக்கு மூன்று பெயர் வைத்துவிடுவார்கள்.

புழு கண்ணில் படாத போதும் அது இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இதைச் சொன்னால் மாணவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். ஆனாலும் அவர்களுக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். செடியின் அடியில் தரையைப் பாருங்கள். மிளகை விடப் பெரிய, கரும்பச்சை எச்ச உருண்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நெல்லிக்காயின் மேல் ஆறு வரி ஓடுவது போல் நீளவாக்கில் ஆறு பள்ளங்கள் தெரியும். பருந்து அந்துப் புழுவின் எச்சம் என்பதற்கு இது நல்ல அடையாளம். உருண்டை ஈரமாக இருந்தால் ஆள் மேலேதான் இருக்கிறார், நிமிர்ந்து தேடுங்கள். முரட்டு உருவமாக இருந்தாலும் இலைக்கு அடியில் அசையாமல் இருந்தால் பத்து விநாடிக்குள் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சாய்வுக் கோடுகள் இலை நரம்பின் நிழலைப் போல் தோன்றிக் கண்ணை ஏமாற்றிவிடும்.

சரி, கொட்டுமா? கொட்டாது. வால் கொம்பு வெறும் அலங்காரம்; அதில் ஊசியும் இல்லை, நஞ்சும் இல்லை. அழுத்திப் பிடித்தால் தலையை ஆட்டி, தாடைகளைச் சொடுக்கி, ஒரு 'டிக் டிக்' ஓசை எழுப்பும். விரல் வாய்க்குப் பக்கத்தில் போனால் கடிக்கவும் முயலும். ஆகையால் கையால் பற்றாமல், இலையோடு சேர்த்துக் கிளையை நறுக்கி எடுப்பதே நல்லது. ஊமத்தைச் செடியிலிருந்து எடுத்திருந்தால் கட்டாயம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். அங்கே நஞ்சு புழுவில் அன்று, செடியில்.

ஆனால் கொட்டும் புழுக்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவற்றை அறிந்து கொள்வது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது. செம்பனை ஓலையிலும் தென்னை, வாழை இலைகளிலும் இவை வாழும். நீளமாக இருக்கமாட்டா, சிறிய நத்தையைப் போல் கால் தெரியாமல் ஊர்ந்து செல்லும். பச்சை அல்லது பழுப்பு உடலின் இரு ஓரத்திலும் முள் கொத்துகள் வரிசையாக நிற்கும். முதுகில் நீலக்கோடு உள்ளவையும் உண்டு. அம்முட்கள் ஒவ்வொன்றும் உள்ளே நஞ்சு நிறைந்த ஊசி. பட்டால் நெருப்புப் பட்டது போல் எரியும். அப்போது தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் முட்கள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்பு நீரில் கழுவி, குளிர்ந்த நீர்த்துணி வைக்கலாம். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, வீக்கம் பரவினாலோ மருத்துவரிடம் உடனே கொண்டு போக வேண்டும். மாணவர்களுக்கு நாங்கள் சொல்லும் விதி இதுதான்: வாலில் ஒற்றைக் கொம்பு உள்ளதைப் பார்க்கலாம், உடலெங்கும் முள்ளோ முடியோ உள்ளதைத் தொடாதே.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன ஆகும்? எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்தை அடிப்போம். அப்படி அடித்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் செம்பனைத் தோட்டங்களில் நெடுநாள் வீரியம் குன்றாத பூச்சிக்கொல்லிகள் தெளிக்கப்பட்டன. முள் புழுக்களும், ஓலைத் துணுக்குகளால் பை கட்டிக் கொண்டு தொங்கும் பைப்புழுக்களும் அதனால் குறையவில்லை, மாறாகப் பெருகின. மருந்து புழுவை மட்டுமா கொல்லும்? புழுவைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த குளவிகளையும் மற்றப் பூச்சிகளையும் சேர்த்தே கொன்றுவிட்டது. பூச்சியியல் வல்லுநர் பி. ஜே. வுட் இதை ஆராய்ந்து 1968இல் நூலாக எழுதினார். கண்மூடித் தெளிப்பதை நிறுத்திய இடங்களில் புழுக்களின் தொல்லை தானே தணிந்தது. இன்று செம்பனைத் தோட்டப் பாதைகளின் ஓரத்தில் வெள்ளை நிறத்தில் நடுவில் மஞ்சளும் கறுப்புமாக, காலை எட்டு மணிவாக்கில் மலரும் பூச்செடிகளைக் காண்கிறோம் அல்லவா? மலாய் மொழியில் எட்டு மணிப்பூ என்று பொருள்பட 'புங்கா புக்குல் லாப்பான்' என்பார்கள். அவற்றை அழகுக்காக மட்டும் நடவில்லை. அப்பூவின் தேனைக் குடிக்க வரும் சிறு குளவிகள் புழுக்களின் உடலில் முட்டை இடுகின்றன. தோட்ட நிருவாகம் அந்தக் குளவிகளுக்குச் சோறு போட்டு வளர்க்கிறது என்றே சொல்லலாம்.

அப்படியானால் கத்தரிப் பாத்தியில் கொம்புப் புழுவைக் கண்டால் என்ன செய்வது? ஒரே ஒரு புழு ஒரு சிறு கத்தரிச் செடியை மொட்டையடித்துவிடும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாய் அந்து முட்டைகளைத் தனித்தனியாகத்தான் இடுகிறது. ஒரு பாத்தியில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நாலைந்து இருக்கும். அதற்கு மருந்துத் தெளிப்பான் எதற்கு? கிளையோடு நறுக்கி, ஓரத்தில் தானாக முளைத்திருக்கும் சுண்டைச் செடியில் கொண்டு போய் வைத்தால் போதும். சுண்டை கத்தரிக்கு மிக நெருங்கிய உறவு. ஒன்றை மட்டும் வளர்த்துப் பார்க்க வைத்துக் கொள்ளுங்கள்.

வளர்ப்பது கடினமன்று. அகன்ற வாய்ப் புட்டி, மேலே கட்ட வலைத்துணி, அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சற்றே ஈரமான மண். எந்தச் செடியில் கண்டெடுத்தோமோ அதே செடியின் இலையை நாள்தோறும் புதிதாக வைக்க வேண்டும். கத்தரியில் வளர்ந்த புழு அவரை இலையைத் திரும்பியும் பாராமல் பட்டினி கிடந்து சாகக் கூடும். அவரை இந்த வகைக்கு உணவுதான். ஆனால் இந்தப் புழுவுக்கு அன்று. எச்சத்தை நாளும் அகற்றுங்கள். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். முட்டையிலிருந்து வந்து ஏறக்குறைய மூன்று வாரங்களில், நான்கு முறை தோலுரித்து, புழு முழு வளர்ச்சி அடையும். ஒருநாள் திடீரென்று தின்பதை நிறுத்திவிடும். நிறம் மங்கும். புட்டிக்குள் அங்கும் இங்கும் ஓடும். நோய் வந்துவிட்டது என்று பிள்ளைகள் கண்கலங்குவார்கள். நோயன்று, மண்ணுக்குள் போகும் நேரம் வந்துவிட்டது. மண்ணைக் குடைந்து உள்ளே சென்று, சிறு அறை ஒன்றை அமைத்துக் கொண்டு கூட்டுப்புழுவாக மாறும். அதன்பின் தோண்டிப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். சில புட்டிகளில் அந்துப்பூச்சி வராது, ஈக்கள் வெளிவரும். புழுவாக இருக்கும்போதே அதன்மீது முட்டை இட்ட ஒட்டுண்ணி ஈக்கள் அவை. பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆயினும் அதையும் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வெளிவரும் அந்துப்பூச்சியைக் கண்டால்தான் இந்தப் பேச்சுக்கு இத்தனை நேரம் ஒதுக்கியது ஏன் என்று விளங்கும். சிறகு விரித்தால் 10 சென்டிமீட்டருக்கு மேல். முன் சிறகு கறுப்பும் பழுப்பும். பின் சிறகிலும் வயிற்றிலும் மஞ்சள். முதுகின் மேல், மனித மண்டையோடு வரைந்தது போன்றே ஒரு குறி. கையில் எடுத்தால் எலியைப் போல் 'கீச்' என்று கத்தும். மண்டையோட்டு அந்துப்பூச்சி என்று பல நாட்டு மொழிகளிலும் இதைச் சொல்லுகிறார்கள். அறிவியல் பெயர் வைத்தவர்களும் அச்சத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் காணும் வகைக்கு லின்னேயஸ் 1758இல் 'அட்ரோப்பஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கப் பழங்கதையில் மனிதர் ஒவ்வொருவரின் ஆயுளும் ஒரு நூல். மூன்று தேவியர் அதற்கு அதிகாரிகள். ஒருத்தி நூற்பாள், லாக்கெசிஸ் அளப்பாள், அட்ரோப்பஸ் அறுப்பாள். நம் ஊர் வகைக்கு வாய்த்த பெயர் அளப்பவளுடையது. அந்த மட்டில் நமக்கு ஆறுதல்.

அந்தக் 'கீச்' ஒலி எங்கிருந்து வருகிறது? இப்பூச்சிக்குத் தேன் உறிஞ்சும் குழாய் மற்ற அந்துப்பூச்சிகளுக்கு இருப்பது போல் நீளமாக இல்லை. குட்டையாகவும் தடித்தும் இருக்கும். அதன் வழியே காற்றை இழுத்து, மீண்டும் வெளியே தள்ளுகிறது. ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை எண்ணிக் கொள்ளுங்கள். ஐரோப்பிய வகையின் தலைக்குள் காற்றுப் போய் வரும் முறையைச் செர்மானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். குட்டைக் குழாய்க்கு வேறொரு காரணமும் உண்டு. இது பூவில் தேன் குடிப்பதைக் காட்டிலும் தேனீக் கூட்டுக்குள் புகுந்து அடையைக் குத்திக் குடிக்கவே ஏற்றது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் காவல் இருக்கும் கூட்டுக்குள் இத்தனை பெரிய திருடன் எப்படி நுழைகிறான்? ஐரோப்பிய வகையின் உடலில் தேனீயின் மேலுள்ள அதே கொழுப்பு அமிலங்கள் இருப்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். இருட்டில் தேனீக்கள் மோப்பத்தால்தான் ஆளறியும். மணம் ஒத்திருப்பதால் திருடன் உறவினனாகத் தோன்றுகிறான்.

இந்த மண்டையோட்டுக் குறியால் வந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தார். ஒருநாள் இரவு வீட்டு வாசல் விளக்கில் இந்த அந்துப்பூச்சி வந்து மோதியது. முதுகைப் பார்த்துவிட்டுப் பாட்டி துடைப்பத்தை எடுத்தார். பையன் குறுக்கே நின்று, "பாட்டி, இது எங்க பள்ளிக்கூடத்துக் கத்தரிப் புழு!" என்று சொல்லி, துண்டால் மூடிப் பிடித்து வெளியே விட்டிருக்கிறான். ஆறு வாரம் கழித்துத் தாத்தா காலமானார். அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது. பையன் பள்ளிக்கு வந்து, "பூச்சி வந்ததாலதான் தாத்தா செத்துட்டாருன்னு சொல்றாங்க ஐயா. நான் அடிக்க விட்டிருக்கணுமா?" என்று கேட்டான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து உடனே எதுவும் சொல்ல வரவில்லை. அறிவியல் மூலையில் இருந்த பதிவேட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். புட்டி வாரியாக, நாள் வாரியாக மாணவர்களே எழுதி வந்தது. அவன் விரல் வைத்து எண்ணினான். அந்த ஆண்டு அதுவரை நான்கு அந்துப்பூச்சிகள் எங்கள் வகுப்பறையிலேயே வெளிவந்திருந்தன. "நாலு வந்திருக்கு. இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலியே" என்றான். பிறகு சற்று நேரம் அழுதான். தாத்தாவுக்காக அழுதான், அது வேறு.

பாட்டி ஏற்றுக் கொண்டாரா என்றால், முழுமையாக இல்லை. ஆனால் துடைப்பத்தை எடுப்பதில்லை. பூச்சி வந்தால் வாசல் விளக்கை அணைத்துவிடுகிறாராம். அந்துப்பூச்சியை அனுப்பி வைக்க அதைவிட நல்ல வழி எங்களுக்கும் தெரியாது.

விளக்கில் மோதித் தடுமாறும் இந்தப் பூச்சி, இருட்டில் எவ்வளவு திறமையாகத் திசை அறிந்து பறக்கிறது என்பதும் இப்போது தெரிய வந்திருக்கிறது. ஐரோப்பிய வகை ஆண்டுதோறும் தெற்கே ஆப்பிரிக்காவை நோக்கி வலசை போகும். செர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தினர் 14 பூச்சிகளின் மேல் மிகச் சிறிய வானொலிக் கருவிகளைப் பொருத்தி, சிறு விமானத்தில் பின்தொடர்ந்து சென்றார்கள். ஆல்ப்சு மலைப் பக்கம் 80 கிலோமீட்டர் வரை பின்தொடர முடிந்தது. எதிர்க்காற்று அடித்தபோதும் அவை நேர்ப்பாதையை விட்டு விலகவில்லை. 2022இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளித் தோட்டத்தில் புழு ஒன்றைக் கண்டால், புட்டியின் மேல் ஒட்டும் தாளில் முதல் வரியில் செடியின் பெயரை எழுதுங்கள். தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால் மலாய்ப் பெயரை எழுதுங்கள். எதுவும் தெரியாவிட்டால் பூவோடு கூடிய கிளை ஒன்றைப் பழைய செய்தித்தாளில் அழுத்தி வையுங்கள். இரண்டாம் வரியில் நாள். மூன்றாம் வரியில் நீளம். கொம்பின் வடிவத்தை எழுத்தில் சொல்லாமல் படமாக வரையுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதினால் போதும். அந்துப்பூச்சி பெரும்பாலும் இரவில்தான் வெளிவரும். சிறகு நன்றாக விரிந்து உலரும் வரை தொடக்கூடாது. மறுநாள் அந்தி சாய்ந்ததும் வகுப்பறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, சன்னல் ஓரத்தில் புட்டியை வைத்து வலைத்துணியை எடுத்துவிடுங்கள். முதலில் உடல் சூடேறுவதற்காகச் சில நிமிடம் சிறகை நடுக்கிக் கொண்டே நிற்கும். அவசரப்படுத்த வேண்டாம்.